பதின்மூன்று நாள் நடுக்கம்

எங்களுக்குச் செய்யப்பட்ட கொடுமைகளை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசை பிசகினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும் என்பதை ஏழு வழக்குகளில் கற்றிருக்கிறேன். முதலாவது, பனைமேட்டுக்குப்பத்தின் உப்பளங்களைத் தரிசு என்று எழுதித் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது, நிலம் கொடுத்தவர்களுக்கு அங்கே வந்த ரசாயன ஆலைக்குள் வேலை என்று சொல்லிவிட்டு, வேலிக்கு வெளியே முள் வெட்டும் வேலையைக் கொடுத்தார்கள். மூன்றாவது, எட்டாம் ஆண்டில் எங்கள் அடிபம்புகளில் தண்ணீர் தேயிலைச் சாயத்தில் வந்தது. குடிக்கலாம் என்று சொன்ன அதிகாரி தன் காரிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தார். நான்காவது, நிரந்தரத் தொழிலாளி என்ற சொல்லையே ஆலையிலிருந்து எடுத்துவிட்டு, எல்லாரையும் ஒப்பந்தக்காரரின் ஆளாக்கி, கழுத்தில் பாஸ் மாட்டினார்கள். ஐந்தாவது, பீப்பாய் வெடித்து மூன்று பெண்களுக்குக் கண் போனபோது, வீட்டு அடுப்பு விபத்து என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதவைத்தார்கள். ஆறாவது, கொதிகலனுக்குப் பின்னால் செத்துக்கிடந்த ஒருவனை, காலையில் அவனோடு டீ குடித்த பதினோரு பேர் சுற்றி நிற்கையில், பெயர் தெரியாத ஆண், வயது சுமார் முப்பது என்று பதிந்து புதைத்தார்கள்.

ஏழாவது கொடுமையைச் செய்தவன் நான்.

என் பெயர் இருசப்பன். ஊரில் தோழர் என்றால் நான்தான். வேறு தோழர்கள் செத்தோ கட்சி மாறியோ போய்விட்டார்கள். கடைசியாக நாங்கள் செய்த வேலைநிறுத்தத்தில், நான் சொன்னேன் என்பதற்காக ஆலை வாசலில் கொடி பிடித்து முன்னால் நின்றவன் தேசிங்கு. வேலைநிறுத்தம் தோற்றது. அவன் பெயரை எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும் எழுதி அனுப்பினார்கள்; அதன்பிறகு அவனுக்குத் தொழிற்பேட்டையில் குப்பை அள்ளும் வேலைகூட இல்லை. ஒன்றரை ஆண்டு பொறுத்தான். அந்தச் சமயத்தில் மணவாளன் என்பவன் பீப்பாய் வண்டி காலில் ஏறி எலும்பு முறிந்து வீட்டில் கிடந்தான். அவனுடைய பாஸில் இருந்த படம் வெயிலில் வெளுத்து, மூக்கும் மீசையும் உள்ள எவனுக்கும் பொருந்துகிற நிலையில் இருந்தது. அதை வாங்கி நான் என் கையால் தேசிங்கின் கழுத்தில் மாட்டினேன். வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது ஒரு காரணம். ஆலையின் வாசலை நான் ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டது இன்னொரு காரணம். அதுதான் பெரிய காரணம்.

"யார் கேட்டாலும் மணவாளன்னு சொல்லு" என்றேன்.

"எம் பொண்டாட்டி கேட்டாலுமா தோழரே?" என்று சிரித்தான்.

ஐந்தாம் மாதம், மூன்றாம் எண் கலனைக் கழுவ அவனை உள்ளே இறக்கினார்கள். கலனில் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக நைட்ரஜனை நிரப்பி வைத்திருப்பார்கள். ஆள் இறங்குவதற்கு முன் அதை வெளியேற்றி, காற்றைச் சோதித்து, கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டார்கள். நைட்ரஜனுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, தொண்டையில் எரிச்சல் இல்லை; ஆனால் அது நிறைந்த இடத்தில் மூச்சுக்கு ஆக்ஸிஜன் இல்லை. களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்திருப்பான். கயிறு கட்டி மேலே இழுத்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சு அடிக்கவில்லை, மூச்சு இல்லை, கண்மணி வெளிச்சத்துக்கு அசையவில்லை. நடுக்கம் மட்டும் இருந்தது. மோட்டார் ஓடுகிற அறையின் கதவில் கைவைத்தால் தெரிவதுபோல, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒரே சீராக, உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் இறந்த நேரத்தை எழுதினார். ஆனால் அறுக்க மறுத்துவிட்டார். ஆடுகிற உடம்பின்மேல் கத்தி வைக்க விதியில் இடமில்லை, அடங்கியதும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வெளிநோயாளிகளைப் பார்க்கப் போனார். பிணவறைக்காரர் எல்லப்பனுக்கு அதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை.

"பொணம் எழுந்து உக்காந்துக்கீது, ஏப்பம் விட்டுக்கீது, இருபது வருசத்துல எல்லாம் பாத்துட்டேன். இது பாவம், யாருக்கும் தொந்தரவு இல்லாம சும்மா ஆடுது" என்றார்.

அவர் ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி உடம்பு கிடந்த மேசைமேல் வைத்தார். தண்ணீரில் ஏழு வளையம் எழுந்து நின்றது. குளிரவைத்தால் அடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஆலையிலிருந்து ஒரு லாரி ஐஸ் வந்தது. அந்த ஆலை எங்கள் ஊருக்கு இலவசமாகக் கொடுத்த முதல் பொருள் அது. ஐஸை அடுக்கினோம். நெடுநேரம் ஏழு வளையமே இருந்தது, பிறகு ஆறானது. ஏழிலிருந்து ஆறுக்கு மெல்ல மெல்ல இறங்கவில்லை. ஏழாக இருந்தது, அடுத்த கணம் ஆறாக இருந்தது, நடுவில் எதுவுமாகவும் இல்லை. மறுநாள் ஐந்து. படிக்கட்டில் நிற்கிறவன் படியில்தான் நிற்க முடியும், இரண்டு படிகளுக்கு நடுவில் அந்தரத்தில் நிற்க முடியாது என்பதுபோல அந்த நடுக்கம் இறங்கியது.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்பதைப்போல, காலையில் சந்தித்தவர்கள் "இன்னைக்கு எத்தினி?" என்று கேட்டார்கள், டீக்கடைக்காரர் வடை விலைக்குக் கீழே சாக்பீஸால் எண்ணை எழுதினார். பிணவறையை ஒட்டிய பொது வார்டில் இருந்தவர்கள் சுவரோரம் வைத்த எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுக்கிறதென்று கட்டிலுக்கு மறுபுறம் மாற்றிக்கொண்டார்கள். பிரசவ வார்டுப் பெண்கள் அழுகிற பிள்ளைகளைத் தூக்கிவந்து அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார, பிள்ளைகள் கண் சொருகின. காவலுக்குப் போட்ட ஏட்டு, முதுகை அதே சுவரில் வைத்து அமர்ந்து, பன்னிரண்டு வருட இடுப்புவலி விட்டுப்போனதாகச் சொல்லி, தன் அம்மாவையும் கூட்டிவந்து உட்காரவைத்தார். ஒரு செத்தவன் இவ்வளவு பேருக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தான், அவன் பெயரை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்.

அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஆலையின் வாசல் பதிவில் உள்ளே போனவன் மணவாளன். இரண்டாம் நாளே பர்சனல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மணவாளன் என்ற ஒப்பந்தத் தொழிலாளி ஆலைக்குள் பணியின்போது இறந்தார் என்று எழுதிக் கொடுக்கச் சம்மதம், நஷ்டஈடும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் உண்டு என்றார். தேசிங்கு என்று ஒரு பெயர் வந்தால், திருட்டுப் பாஸில் நுழைந்த அந்நியன், அவனுக்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை, போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். அவருக்கு உண்மை தெரியும். எனக்கும் தெரியும். இருவருமே தெரியாதவர்கள்போலப் பேசினோம். முப்பது ஆண்டுகளில் எங்கள் ஆள் ஒருவன் வேலிக்குள்ளே செத்தான் என்று அவர்கள் காகிதத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. பெயர் தெரியாத ஆண் என்று புதைத்தவர்களிடமிருந்து ஒரு பெயரைப் பிடுங்கிவிட்டேன், அது வேறொருவன் பெயராக இருந்தால் என்ன என்று நினைத்தேன். வெற்றி என்றே நினைத்தேன்.

ஆகவே மணவாளன் செத்தான். அவனுடைய மச்சான் வீட்டு மாட்டுக்கொட்டகையில் அவனைக் கட்டுப்போட்ட காலோடு ஒளித்துவைத்தோம். அவன் மனைவி பூவை எடுத்துவிட்டு, பொட்டை அழித்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் தலைவிரித்து உட்கார்ந்தாள். வருவதில் பாதி உனக்கு என்று சொல்லி, தேசிங்கின் மனைவி ஜெயக்கொடியைப் பொட்டோடும் தாலியோடும் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கச் சொன்னேன். தேசிங்கு வேலை தேடித் திருப்பூர் போய்விட்டான் என்று ஊரைச் சொல்லவைத்தேன். ஊர் சொன்னது. சொல்லிச் சொல்லி அதற்கும் பழகிவிட்டது, மணவாளனுக்குச் சோறு கொண்டுபோகிற பெண்ணிடம் "செத்தவன் சாப்ட்டானா?" என்று சிரிக்காமல் கேட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது மணவாளன் கருவாட்டுக் குழம்பில் கைவிட்டபடி கேட்டான். "தோழரே, நான் செத்து இன்னியோட எத்தினி நாளு?"

"அஞ்சு."

"கருமாதிக்கு வடை உண்டுல்ல? ரெண்டு எடுத்துவைக்கச் சொல்லுங்க. நம்ம காரியத்துல நம்ம சாப்புடாம இருந்தா நல்லா இருக்காது." சிரித்துவிட்டு, உடனே முகம் மாறி, "வெளிய எப்ப வரலாம்?" என்றான். காகிதத்தில் செத்தவன் எந்த ஊருக்குப் போய் எந்தப் பெயரில் இருப்பான் என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

இடையில், மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். அன்று ஐந்து வளையம். ஜெயக்கொடியை யாரும் பார்க்காமல் பின்வாசல் வழியாக எல்லப்பன் உள்ளே விட்டார். அவளும் தேசிங்கும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் பெயர் சொல்லியே கூப்பிடுவாள், ஊர் அதை அவளுக்கு மன்னித்ததே இல்லை. மேசை ஓரம் நின்று, அழாமல், சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில் "தேசிங்கு" என்றாள். தம்ளரில் ஆறு வளையம் ஆனது. எல்லப்பன் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து "மணவாளா" என்றார். ஒன்றுமில்லை. கத்தினார். ஒன்றுமில்லை. தன் பெயரைச் சொன்னார், முதலமைச்சர் பெயரைச் சொன்னார், ஐயனாரைச் சொன்னார். எல்லாம் சுவரைத் தாண்டிப் போனதுபோல அந்த உடம்பைத் தாண்டிப் போயின. நான் ஜெயக்கொடியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, இனி அந்தப் பெயரை இங்கே சொல்லாதே என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். நான் சொன்னபடியே இருந்தாள். எட்டாம் நாளில் உடம்பு கடைசிப் படிக்கு வந்துவிட்டது. அப்போதும் தம்ளரில் தண்ணீர் அடங்கவில்லை. ஓரத்திலிருந்து கிளம்பி நடுவோடு மறைகிற அரை வளையம் ஒன்று, எத்தனை ஐஸ் வைத்தாலும், போகாமல் நின்றது.

ஒன்பதாம் நாள் ரெஜினா வந்தாள். ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், வேலைநிறுத்தத்தில் எங்களோடு வராதவள், அதனால் நான் பேசுவதை விட்டிருந்தேன். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் தானாக உட்கார்ந்தாள்.

"அது அடங்காது அண்ணே. ஐஸை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

"டாக்டர் நீயா?"

"டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தினம் அதுதான் வேலை. டிரம்முல என்ன சரக்கு இருக்குன்னு நான் மோந்து பாக்கறதில்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை மெஷின்ல அது மேல விடுவேன். எந்தப் பொருளா இருந்தாலும் அதுல அணுவும் அணுவும் ஸ்பிரிங்குல கட்டினமாதிரி ஆடிக்கிட்டேதான் இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துடிப்பு. அதே துடிப்புல வர்ற வெளிச்சத்தை மட்டும் வாங்கி ஒரு படி ஏறும். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா வாங்காது, விட்டுடும். அரைப்படி, கால்படி ஏர்றதெல்லாம் கிடையாது. எதை வாங்கிச்சுன்னு பாத்தா அது யாருன்னு தெரிஞ்சுடும்."

"இறங்கிறது?"

"அதுவும் படிப்படியாத்தான். ஆனா கடைசிப் படி தரையில இல்ல. தரைக்கு அரைப்படி மேல இருக்கு. எவ்வளவு குளிரவெச்சாலும் அதுக்குக் கீழ யாராலயும் இறக்க முடியாது. உலகத்துல எந்தப் பொருளும் முழுசா சும்மா இருக்கறதில்ல."

நான் அதைத் துண்டறிக்கையில் போட்டுவிடலாம் என்று அந்த நிமிடத்திலும் நினைத்தேன். அப்படிப்பட்ட புத்தி எனக்கு. ரெஜினா எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு அந்தக் கலன்ல இருந்த காத்தை எங்கிட்டதான் சோதனைக்குக் கொண்டுவந்தாங்க, எல்லாம் முடிஞ்சப்புறம். மெஷின்ல வெச்சேன். காகிதம் வெள்ளையா வந்துச்சு. உள்ள ஒண்ணுமே இல்லாதமாதிரி."

"நைட்ரஜன் ஆடாதா?"

"ஆடும். ரொம்ப வேகமாவே ஆடும். ஆனா அதுல ரெண்டு அணுவும் ஒரே மாதிரி. ரெண்டும் சமமா இழுக்கும். சமமா இழுத்தா, என்னா ஆட்டம் ஆடினாலும், அந்த வெளிச்சத்துக்கு அது இருக்கறதே தெரியாது. ஒரு பக்கம் கொஞ்சம் மாறினாத்தான் தெரியும்." கைப்பையை எடுத்துக்கொண்டு, "பர்சனல் ரூம்ல உங்களையும் மேனேஜரையும் கண்ணாடி வழியா பாத்தேன் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கு மறுநாள் ஜெயக்கொடி என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, உட்காரவில்லை. நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்திருந்தாள்.

"காலையில கண்ணாடி பாத்து இதை நானே வெச்சிக்கறேன் தோழரே. பக்கத்து வூட்டுக்காரி, தேசிங்கு திருப்பூர்லேர்ந்து போன் பண்ணானான்னு கேக்கறா. செத்துட்டான்னு தெரிஞ்சே கேக்கறா. நீங்க சொல்லிக்குடுத்த பாடம் நல்லா வந்துடுச்சு அவங்களுக்கு."

"பாதி உனக்கு வந்துடும்மா. இல்லன்னா யாருக்கும் ஒண்ணுமில்ல."

"எம் பொண்ணுக்கு என்ன சொல்ல? பத்து வருசம் கழிச்சு எந்த ஆபீசுக்குப் போனாலும் அப்பா எங்கம்பாங்க. உங்கப்பன் நம்மளை வுட்டுட்டு ஓடிட்டான்னு நான் எழுதித் தரணுமா? அவன் ஓடலையே. நீங்க மாட்டிவிட்டதைக் கழுத்துல போட்டுக்கிட்டு இல்ல உள்ள போனான்."

நான் சட்டம் பேசினேன். ஆலையைப் பற்றிப் பேசினேன். முதல் கொடுமையிலிருந்து வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது வருவதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல் வட்டாட்சியர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். அடங்கும்வரை காத்திருக்க அரசுக்கு நேரமில்லை, இருக்கிற நிலையிலேயே விசாரணை நடத்துகிறேன் என்றார். பிணத்தைப் பார்த்து, விசாரித்து எழுதியதை ஊர்ப் பஞ்சாயத்தார் ஐந்து பேர் முன்னால் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர்கள் கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். டீக்கடைக்காரர், ரேஷன் கடை எடைபோடுகிறவர், கோயில் தர்மகர்த்தா, ஓய்வுபெற்ற தபால்காரர், மகளிர் குழுத் தலைவி என்று ஐந்து பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஐந்து பேரும் தேசிங்கின் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். பர்சனல் மேனேஜர் கோப்போடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆலையிலிருந்து தட்டச்சு செய்தே கொண்டுவந்த காகிதத்தில் வட்டாட்சியர் பெயரை வாசித்தார்.

"மணவாளன், தகப்பனார் பெயர் கோதண்டம்."

மேசைமேல் தம்ளர் இருந்தது. அரை வளையம் அரை வளையமாகவே நின்றது. வாசலில் மணவாளனின் மனைவி ஓவென்று அழுதாள், நன்றாகவே அழுதாள். குழாயடியில் ஜெயக்கொடி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தபால்காரர் பேனா மூடியைத் திருகினார். நான் எதிரில் பார்த்தேன். பர்சனல் மேனேஜர் என்னைப் பார்த்து, வேலை முடிந்த கூட்டாளியைப் பார்ப்பதுபோல மெல்லத் தலையசைத்தார். நானும் அசைக்கப் போனேன். அவரும் நானும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சமமாக இழுத்துப் பிடித்திருந்தோம், நடுவில் கிடந்தவனை யாருக்கும் தெரியவில்லை.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். மேடைக் குரல் வரவில்லை. "இது மணவாளன் இல்ல. பாஸ் மாத்தி அனுப்பினது நான்."

வட்டாட்சியர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இது ஆள்மாறாட்டம். உங்க மேலதான் வழக்கு வரும்."

"தெரியும்மா."

"மணவாளன் எங்கே?"

"அவன் மச்சான் வூட்டு மாட்டுக்கொட்டகையில."

ஏட்டு போய் மணவாளனை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். அவன் கோலை ஊன்றி இறங்கி, கும்பலைப் பார்த்து, தன் மனைவியின் வெறும் நெற்றியைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, நான் செத்தவங்க இல்லீங்க" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. பர்சனல் மேனேஜர் கோப்பை மூடி, அப்படியென்றால் எங்களுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்று வட்டாட்சியரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, காருக்குப் போனார். அவர் போவதைப் பார்த்து மணவாளனின் மனைவி என் காலடியில் மண்ணை வாரித் தூற்றினாள். அது எனக்கு வர வேண்டியதுதான்.

வட்டாட்சியர் புதுக் காகிதம் எடுத்துக் கையாலேயே எழுதினார். இறந்த இடம் என்ற கட்டத்தில் ஆலையின் பெயரை எழுதவில்லை. விசாரணை முடியாமல் எழுத முடியாது என்று, தொழிற்பேட்டையில் உள்ள ஒரு கலன் என்று மட்டும் எழுதினார். இறப்புக்குக் காரணமாகக் கருதப்படுபவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினார். அதற்கு விசாரணை தேவைப்படவில்லை. நான் எழுத்துக்கூட்டித் தந்தேன். இந்த ஊரில் நடந்த இத்தனை சாவுகளில் காரணமானவர் என்று எழுத்தில் ஏறிய ஒரே பெயர் இன்றுவரை என்னுடையதுதான், அதை நான் மறுத்து எங்கும் எழுதியதில்லை.

காகிதத்தை விரிக்க மேசையில் இடம் வேண்டியிருந்தது. எல்லப்பன் தம்ளரை எடுத்துப் போய் வாசலில் கொட்டினார். ஜெயக்கொடி குழாயடியிலிருந்து வந்து பஞ்சாயத்தாருக்குப் பின்னால் நின்றாள். நெற்றியைப் புறங்கையால் துடைத்துவிட்டிருந்தாள். ஏட்டு என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வட்டாட்சியர் எழுந்தார், ஐந்து சாட்சிகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தார், கவனமாகக் கேளுங்கள் என்றார், முதல் கட்டத்திலிருந்து உரக்க வாசித்தார்:

"இறந்தவர் பெயர், தேசிங்கு. தகப்பனார் பெயர், அய்யாக்கண்ணு. ஊர், பனைமேட்டுக்குப்பம்."